பாலத்து மாப்பிள்ளை

இன்பெங் தினமும் வெளிநாடு போய் வருகிறவன் என்று எங்கள் பேருந்து நிறுத்தத்தில் சொல்லிச் சிரிப்போம். பொய்யில்லை. மேகோங் ஆற்றுப் பாலத்தில், எங்கள் தா நாலெங் எல்லைச் சாவடியிலிருந்து தாய்லாந்துச் சாவடி வரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துக்கு அவன் ஓட்டுநர். இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவான். பாலத்து முனையில் விளக்கு பச்சையானதும் இடப்பக்கத்துக்கு மாறுவான். அக்கரையில் கூட்டத்தை இறக்கிவிட்டு, அங்கே மூட்டை முடிச்சோடு நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான். அக்கரைச் சாவடியின் கம்பித் தடுப்பைத் தாண்டி அவன் கால் வைத்ததில்லை. மிஞ்சிப் போனால் அங்கே உள்ள கழிப்பறை வரைக்கும் போயிருப்பான்.

நான் எங்கள் சாவடிக்கு வெளியே குடைக்கடியில் பப்பாளிக்காய் இடித்து விற்கிறவள். ஓன்சி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுநர்களுக்கும் சுங்கக்காரர்களுக்கும் நான் பெரியம்மா. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். என் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் கடன் சொல்லாமல் சாப்பிடுகிறார்கள், ஆகையால் அதை நான் குறைத்துக்கொள்ளவில்லை.

இன்பெங் நல்ல பையன். பையன் என்றால் முப்பத்தைந்தைத் தாண்டியவன். சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு வருவான். தாய் இல்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் காலையில் குளிப்பாட்டி, ஒட்டரிசிச் சோறு ஊட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். குடிப்பதிலும் அளவு. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தொலைக்காட்சிச் செய்தி.

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அக்கரைத் தொலைக்காட்சிதான் ஓடும். பேச்சு புரியும், பாட்டும் சண்டையும் அழுகையும் தாராளம். எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் பெரியவர்கள் நீள மேசையில் உட்கார்ந்து கை குலுக்குவார்கள், அதை எவ்வளவு நேரம் பார்ப்பது? ஆகவே பாங்காக்கில் முட்டை என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். அங்கே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எந்த நடிகை யாரை விட்டுப் பிரிந்தாள் என்றும் தெரியும். மற்றவர்கள் நாடகத்தைப் பார்த்து அழுதுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். இன்பெங் மட்டும் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து விலைவாசி பேசுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பான். மறுநாள் என் குடைக்கடியில் அதை அப்படியே ஒப்பிப்பான். ஓட்டுநர்கள் அவனுக்கு "நிபுணர்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

லத்தனா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். வண்ணப் பென்சில் அக்கரையில் மலிவு என்று மாதம் ஒரு முறை வாங்கப் போவாள். கூட்டம் நெரியும்போது அவளுக்காக இன்பெங் கதவை மூடாமல் காத்திருந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் பென்சில் வாங்கப் போவது அதிகமாயிற்று. எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவ்வளவு பென்சிலைக் கரைக்கும்?

கல்யாணம் பேச, தாய் இல்லாத பையனுக்குப் பெரியவளாக நான்தான் போனேன். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தங்கத்தில்தான் பேசுவோம், எடைக்கணக்கில். ஓர் எடை என்றால் ஒரு கெட்டிச் சங்கிலி, ஏறக்குறைய இரண்டு சவரன். லத்தனாவின் அம்மா பூவாலி, சந்தையில் காய்கறி விற்கும் விதவை. அவள் நான்கு எடை கேட்டாள். அதிகமில்லை, டீச்சர் பெண்ணுக்கு ஊரில் அதுதான் நடப்பு. இன்பெங்கிடம் ஏற்கெனவே மூன்று சங்கிலி இருந்தது. தொற்றுக்காலத்தில் பாலத்தை மூடி, அரைச் சம்பளத்தில் அவனை வீட்டில் உட்கார வைத்தபோதுகூட அவன் அந்தத் தங்கத்தைத் தொடவில்லை. இன்னும் ஒன்றுதான் வாங்க வேண்டும். மழைக்கால விரதம் முடிந்ததும் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றாத குறையாகப் பேசி முடித்துவிட்டு வந்தோம்.

பாலத்தைத் திறந்தார்கள். திறந்த கையோடு பெட்ரோல் இல்லாமல் போயிற்று. எங்கேயோ தொலைதூரத்தில் சண்டையாம், அதற்கு எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் விடியற்காலையிலிருந்து வரிசை. கூடவே எங்கள் நாட்டுக் காசான கிப் விழுந்தது. அக்கரைப் பாத் ஒன்றுக்கு முந்நூறு கிப் கொடுத்த நாங்கள் நானூறு கொடுத்தோம், அப்புறம் ஐந்நூறு. எண்ணெய், சோப்பு, மாத்திரை எல்லாம் அக்கரையிலிருந்து வருவதுதான், எல்லாம் ஏறியது. தங்கம் கேட்கவே வேண்டாம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் இன்பெங் பல்லெல்லாம் தெரிய வந்து என் முக்காலியில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணிட்டேன். சங்கிலி மூணையும் வித்துட்டேன்."

என் உலக்கை பாதியில் நின்றுவிட்டது.

"எதுக்குடா? அப்பாவுக்கு முடியலையா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. இப்ப என்ன விலை போகுது தெரியுமா? நான் வாங்கின விலைக்கு ஒண்ணரை மடங்குக்கு மேல. இது நிக்காது பெரியம்மா. சண்டையால பெட்ரோல், பெட்ரோலால மத்ததெல்லாம். ஆறு மாசத்துல அடங்கிடும்னு டிவில படம் போட்டுச் சொல்றாங்க. அப்ப இதே காசுல நாலு வாங்கிடுவேன். கல்யாண விருந்துல பன்னிக்கும் பீருக்கும்கூட மிச்சம் வரும்."

"எந்த டிவில?"

"அக்கரை டிவிலதான்."

"அக்கரையில அடங்கும்டா மடையா. இங்க?"

"ஆறு ஒண்ணுதானே பெரியம்மா. வெள்ளம் வந்தா ரெண்டு கரைக்கும்தான் வருது. வடிஞ்சா ரெண்டு கரையிலயும்தான் வடியுது."

நான் பொருளாதாரம் படித்தவளா என்ன? திட்டத் தெரியும், திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே காரம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். பணத்தை வங்கியில் ஒரு வருட வைப்பாகக் கிப்பில் போட்டிருந்தான். நல்ல வட்டியாம்.

வெள்ளம் அக்கரையில் வடிந்தது. அவன் சொன்ன ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று, ஆனால் வடிந்தது. முட்டை இறங்கியது, பன்றிக்கறி இறங்கியது, விலைவாசி ஏறவேயில்லை என்று கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். இன்பெங் லீவு போட்டுவிட்டு நகரத்துச் சந்தையின் நகைக்கடைக்குப் போனான். விரதத்துக்குப் பிறகு வைத்த கல்யாணத்தை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று. சாயங்காலம் வந்து உட்கார்ந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடா?"

"வட்டியோட சேத்து ரெண்டுகூட வராதாம். எப்ப குறையும்னு கேட்டேன். அந்தப் பொம்பள என்னைப் பாத்துட்டு உள்ள இருந்த புருஷனைக் கூப்பிட்டு, 'இவரு என்னமோ கேக்குறாரு பாருங்க'ன்னு சொல்லிச் சிரிக்குது."

"டிவில சொன்னாங்களே?"

"அவங்க பொய் சொல்லல பெரியம்மா. அவங்களுக்குக் குறைஞ்சிருக்கு."

அவனைக் குத்திக் காட்டத்தான் கேட்டேன். கேட்டபிறகு கஷ்டமாக இருந்தது.

ஏன் எங்களுக்கு வடியவில்லை என்று எனக்கு என் உரலைப் பார்த்தால் தெரியும். நான் போடும் வேர்க்கடலை அக்கரையிலிருந்து வருகிறது. அங்கே அது இறங்கியபோது எங்கள் கிப் அதைவிட வேகமாக இறங்கியிருந்தது. ஆக எனக்கு ஏற்றம்தான். மிளகாய் எங்கள் மண்ணில் விளைவது, அது ஏன் ஏற வேண்டும்? மிளகாய்க்காரி தன் பிள்ளைக்கு வாங்கும் மருந்து ஏறிவிட்டது, அதனால் மிளகாயும் ஏறிற்று. நான் என் தட்டு விலையை ஏற்றினேன். நடுவில் ஒரு மாதம் கடலை மலிந்தது. நான் இறக்கவில்லை. நாளைக்கு மறுபடி ஏறினால் யார் எனக்குத் தருவார்கள்? எல்லோருக்கும் இதே பயம். சம்பளம் வந்த அன்றே கிப்பைக் கையில் வைத்திருக்கப் பயந்து பாத்தாகவும் தங்கமாகவும் மாற்ற ஓடினோம். அந்த ஓட்டத்தில் கிப் இன்னும் மிதிபட்டது. சண்டையும் பெட்ரோலும் எங்களை ஒரு தடவை மேலே தள்ளிவிட்டதோடு சரி. அதற்கப்புறம் விலையை மேலேயே பிடித்து நிறுத்தியது நாங்கள்தான், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது பூவாலியின் வீட்டில்தான். இன்பெங்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, குறைக்கச் சொல்லிக் கேட்கப் போனேன்.

"வாங்கக்கா. சாப்பிட்டீங்களா? தண்ணி குடிங்க" என்று பூவாலி பாய் விரித்தாள்.

"சாப்பிட்டாச்சு. சுத்தி வளைக்க மாட்டேன் பூவாலி. நாலு எடை பேசினப்ப இருந்த விலை வேற, இப்ப இருக்கிற விலை வேற. ரெண்டா குறைச்சுக்க."

"விலைதான் வேற. எடை அதே எடைதானேக்கா."

"அப்ப காசா வாங்கிக்க. அன்னிக்கு நாலு எடை என்ன விலை வித்துச்சோ அதை முழுசா எடுத்துட்டு வந்து வைக்கிறான்."

"கிப்பாவா?" பூவாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அன்னிக்கு வித்த விலைக்கு இன்னிக்கு எனக்கு ஒரு தட்டு பப்பாளிக்காய் குடுப்பீங்களா?"

என் வாயை அடைத்த ஆட்கள் குறைவு. அன்று அவள் அடைத்தாள்.

இன்பெங் தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து பூவாலிக்கே மனசு இளகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைப் பேராசைக்காரின்னு ஊர்ல பேசுறாங்க, எனக்குத் தெரியும்க்கா. அனுலாக்குக்குப் பொண்ணு பேசி வச்சிருக்கேன். அவங்களும் நாலு எடைதான் கேக்குறாங்க. லத்தனாவுக்கு வர்றது அப்படியே அங்க போகணும். என் வீட்டுல ஒரு ராத்திரிகூடத் தங்காது. நீங்க அவங்ககிட்ட பேசி ரெண்டா குறைங்க, நான் இன்னிக்கே ரெண்டா குறைச்சுக்கறேன். உங்க கையப் பிடிச்சுச் சொல்றேன்."

அனுலாக் அவளுடைய மகன், லத்தனாவுக்குத் தம்பி. நான் விடவில்லை, அந்தப் பெண் வீட்டுக்கும் போனேன். பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், "எங்க வீட்டுலயும் ஒரு பையன் இருக்கானே அக்கா" என்றார். எனக்கு அப்போதே எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. இந்த ஊரில் பையன் இல்லாத வீடு எது? எத்தனை வீட்டு வாசலில் போய் நான் நிற்பது? அவரும் கெட்டவரில்லை, பூவாலியும் கெட்டவளில்லை. முதலில் இறங்குகிறவன் ஏமாளி என்று எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் என் பையன் மாட்டிக்கொண்டான்.

லத்தனா என் கடைக்கு வந்தபோது, "ரெண்டு பேரும் எங்கேயாவது ஓடிப் போய்த் தொலைங்களேன். பின்னால வந்து காலில் விழுந்தா போச்சு" என்றேன்.

"ஓடலாம் பெரியம்மா. நான் சும்மா ஓடினா, தம்பிக்குக் குடுக்க அம்மாகிட்ட என்ன இருக்கும்? அவன் கல்யாணம் நின்னுடும். அவன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

இன்பெங் அப்போதுதான் ஒரு நடை முடித்துவிட்டு வந்தான். அவள் அவனைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கரையில உதோன்ல பன்னிக்கறி வாட்டுற கடை ஒண்ணுல ஆள் கேக்குறாங்க. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவங்களே. கூலி பாத்துல."

"நீ டீச்சர். தட்டு கழுவப் போறியா?" என்றான் இன்பெங்.

"என் சம்பளத்துல போன மாசம் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் போக என்ன மிஞ்சிச்சுன்னு சொல்லவா? எங்க பள்ளிக்கூடத்துல பாதி டீச்சருங்க போயாச்சு. தட்டு கழுவினாத்தான் உங்களைக் கட்டிக்க முடியும் போலருக்கு. வேற வழி ஏதாவது உங்க டிவில சொல்றாங்களா?"

அவளுக்கே அது சுருக்கென்றிருக்க வேண்டும். அவன் தட்டில் ஒரு பிடி சோற்றை உருட்டி வைத்தாள்.

"நான் போய் சம்பாதிச்சுட்டு வந்துடறேன். அதுக்குள்ள இங்கயும் எல்லாம் சரியாயிடும். அப்புறம் மறுபடி பள்ளிக்கூடம். பிள்ளைங்க என்னை மறந்துடாது."

தன்னைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய தங்கத்தைத் தானே சம்பாதிக்கப் போகிறாள் ஒரு பெண். அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறவன் அந்த மாப்பிள்ளை. அன்றைக்கு எனக்கு யார்மேல் கோபம் என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். மூன்று தட்டில் உப்பு ஜாஸ்தி.

"நீயும் அக்கரைக்குப் போயேன்டா. உனக்கு லாரி ஓட்டத் தெரியாதா?" என்று மற்ற ஓட்டுநர்கள் இன்பெங்கைக் கேட்டார்கள். அப்பாவை யார் குளிப்பாட்டுவது? அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதோடு, கிப்பில் வந்தாலும் அரசாங்க வேலை, வயதான காலத்துக்கு ஏதோ வரும் என்ற நம்பிக்கை. ஆகவே அவன் பாலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

அந்த வருடங்களில் அவர்கள் குடும்பம் நடத்தியது எல்லாம் கம்பித் தடுப்பில்தான். லத்தனா விடுமுறை நாளில் உதோனிலிருந்து வேனில் வந்து அக்கரைச் சாவடிக்கு வெளியே நிற்பாள். தாண்டி வந்து போனால் கடவுச்சீட்டு முத்திரைக்குக் காசு, வரிசையில் பாதி நாள். அதனால் தாண்ட மாட்டாள். இன்பெங் பேருந்தை நிறுத்திவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பான். வண்டி நிறைகிற வரைக்கும் பேசுவார்கள். கடைசியில் யாராவது வியாபாரி உள்ளே இருந்து, "மாப்பிள்ளை, என் மீன் நாறுது, வண்டியை எடு" என்று கத்துவாள். அவன் ஓடி வந்து ஏறுவான். என்னிடம் வந்து அவள் கையில் புதிதாகத் தணல் சுட்ட இடத்தைத் தன் கையில் தொட்டுக் காட்டுவான்.

"வலிக்கலன்னு சொல்றா பெரியம்மா. பொய் சொல்றா."

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது அவள் வந்தாள். கழுத்தில் துணியைச் சுற்றியிருந்தாள், வெயிலில். என் குடைக்கடியில் அதை அவிழ்த்தபோது உள்ளே மூன்று சங்கிலி. இன்பெங்கிடம் இருந்தது ஒன்று. மூன்று சங்கிலி விற்ற காசு, அதன் வட்டி, அதற்கப்புறம் அவன் வாயைக் கட்டிச் சேர்த்தது, எல்லாம் சேர்த்து அந்த ஒன்றைத்தான் வாங்க முடிந்தது. சீக்கிரம் வாங்கியிருந்தால் இரண்டாவது கிடைத்திருக்கும். இன்னும் இறங்கும், இன்னும் இறங்கும் என்று காத்திருந்தான்.

அவள் மூன்றையும் அவன் கையில் வைத்தாள்.

"இதை நான் எப்படி அம்மாகிட்ட குடுப்பேன் லத்தனா? நான் ஆம்பள இல்லையா?"

"நீங்க வித்தது மூணு. இது மூணு. விலைதான் திரும்பி வரல, சங்கிலி திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சுக்கங்க. வாங்கிக்கங்க. கை வலிக்குது எனக்கு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிளகாய் இடித்தேன். கண்ணெரிச்சலுக்கு ஒரு காரணம் வேண்டுமே.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மேளத்தோடு ஊர்வலம் போனோம். பூவாலி வீட்டு வாசலில் பெண்கள் வெள்ளி ஒட்டியாணத்தைக் குறுக்கே பிடித்து, உள்ளே விட எங்களிடம் காசும் சாராயமும் பிடுங்கினார்கள். இன்பெங்கின் காலை வாழையிலை மேல் வைத்துக் கழுவினார்கள். அவன் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தோம். அவர் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தட்டில் சங்கிலிகளை வைத்தோம். சடங்கை நடத்திய பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, பூவாலியிடம் கொடுத்தார். முதல் சங்கிலி சரி. இரண்டாவதை வாங்கும்போது அவள் கட்டைவிரல் கொக்கியில் நின்றது. கொக்கியில் உதோன் நகைக்கடையின் முத்திரை, அக்கரை எழுத்தில். மூன்றாவதிலும் அதே முத்திரை. நான்காவதை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகளின் கையைப் பார்த்தாள். பூ வைத்து மறைத்திருந்தும் மணிக்கட்டில் தழும்பு தெரிந்தது.

பெரியவர், "சரியா இருக்காம்மா?" என்றார்.

"சரியா இருக்கு" என்றாள் பூவாலி. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "சரியா இருக்கு. உள்ள வந்து உக்காருங்க மாப்பிள்ளை."

ஆசீர்வாதமாக மணிக்கட்டில் நூல் கட்டும் நேரத்தில் பூவாலி மகளின் கையில் நூல் கட்டக் கட்ட முடிச்சு விழவில்லை. நான்தான் முடிச்சுப் போட்டேன். அதற்கு அடுத்த வாரமே அந்த நான்கு சங்கிலியும் அனுலாக்கின் பெண் வீட்டுக்குப் போயின. அங்கிருந்து எங்கே போயின என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த வாரம் இன்பெங் வேலைக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கல்யாண நூல். மறுபடி செய்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"இந்தத் தடவை அக்கரை டிவி இல்ல பெரியம்மா, நம்ம டிவியே சொல்றான். விலைவாசி அடங்கிடுச்சாம். லத்தனாவைப் பள்ளிக்கூடத்துல மறுபடி எடுத்துக்கறாங்களான்னு கேக்கப் போறேன். எடுத்துப்பாங்க. ஆளே இல்ல அவங்ககிட்ட."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், நானே ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்து வழியாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை. அவன் பேருந்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். லத்தனா தோளில் ஒரு பையோடு வந்து என் கடை ஓரமாக நின்றாள். இன்பெங் இறங்கி வந்தான்.

"எங்க?"

"ராத்திரியே சொல்லணும்னு இருந்தேன். மாமாவுக்கு மாத்திரை குடுத்துட்டு இருந்தீங்க, வாய் வரல. கடையில ரெண்டு வாரம்தான் லீவு குடுத்தாங்க. இன்னிக்குப் போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

"கல்யாணம்தான் ஆயிடுச்சே. இன்னும் எதுக்கு? பள்ளிக்கூடத்துல நான் பேசறேன்னு சொன்னேனே? டிவில சொல்றான், விலை ஏறுறது நின்னுடுச்சு லத்தனா."

"நின்னுடுச்சு. எங்க போய் நின்னிருக்குன்னு பாத்தீங்களா?"

அவன் பையை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"நீங்க வாங்குற சம்பளமும், நான் பள்ளிக்கூடத்துல வாங்கப் போற சம்பளமும் எங்க நிக்குது? ரெண்டையும் சேத்தா மாமாவோட மாத்திரைக்கே பாதி மாசம்தான் வரும். அந்த இடத்துக்கு நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது போய்ச் சேரணும்ல? உங்களால வர முடியாது. தப்பு சொல்லல. உங்களால முடியாது, அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் குனிந்து, அவன் சட்டைப் பொத்தான் ஒன்று அவிழ்ந்திருந்ததைப் போட்டுவிட்டாள். பிறகு சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். உள்ளிருந்த பெண்ணோடு ஏதோ பேசிவிட்டு வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் பேருந்தில் ஏறி நின்றாள். பின்னால் இருந்த வியாபாரிகள் கத்த ஆரம்பித்தார்கள். இன்பெங் போய் ஏறினான். வண்டி வலப்பக்கமாகப் போய், விளக்கில் நின்று, இடப்பக்கத்துக்கு மாறிப் பாலத்தில் ஏறியது. இத்தனை வருடம் அவன் தங்கத்துக்காகக் காத்திருக்கிறான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கரைக் கூட்டத்தை இறக்கிவிட்டு அவன் வந்து என் முக்காலியில் உட்கார்ந்தான். கேட்காமலே ஒரு தட்டு இடித்து வைத்தேன். சாப்பிட்டான்.

தண்ணீர் குடித்துவிட்டு அவனே சொன்னான். "இனிமே அவளுக்குப் பாலத்துல சீட்டு வேணாமாம் பெரியம்மா. டிரைவர் பொண்டாட்டிக்குச் சும்மாவாம். ஜன்னல்ல காச நீட்டினாளாம், வாங்கலயாம்."

"சரி" என்றேன்.

"எப்ப வேணா போயிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நடைக்கு எழுந்து போனான்.